இரண்டாவது ஜாய்ஸ்டிக்

முப்பத்தைந்து வருடம் கழித்து அண்ணன் வீடு திரும்பிய எட்டாவது மாதம், வந்தவர் அண்ணன்தானா என்று தெரிந்துகொள்வதற்காக ஜெசிந்தா தன் அலுவலகத்திலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டியைக் கைப்பையில் போட்டு எடுத்துவந்தாள்.

சோப்பு டப்பா அளவுள்ள பெட்டி. இரண்டு குட்டி ஜாய்ஸ்டிக்குகள், டி.வி.யில் செருக ஒரு ஒயர். ‘முப்பது’ என்பது அதன் பெயர். ஒரு காலத்தில் கேசட்டும் பிறகு சிடியும் போட்டு விளையாடிய வீடியோ கேம்களில் முப்பது மட்டும் அதற்குள் இருக்கும். திருச்சி நவல்பட்டில் ஒரு சிறிய நிறுவனம் அதைத் தயாரித்தது. எந்த முப்பது என்று முடிவு செய்யும் பிரிவுக்கு ஜெசிந்தாதான் பொறுப்பு.

ஆரம்பத்தில் அந்த முப்பதை அவளும் இன்னும் நான்கு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார்கள். பெட்டி கடைக்கு வந்த வாரமே வசவும் வந்தது. ‘டாங்கி விளையாட்டு இருக்கிறது, ஆனால் நாங்கள் விளையாடிய டாங்கி இது இல்லை.’ ‘பைக் ரேஸை விட்டுவிட்டு மீன் பிடிப்பதை வைத்திருக்கிறீர்களே, உங்களுக்கெல்லாம் மூளை இருக்கிறதா?’ கேட்டதைச் சேர்த்தாலும் திருப்தி இல்லை. சேர்த்த பிறகு, இது இல்லை, வேறு என்றார்கள். தாங்கள் விளையாடியது எது என்பதே பலருக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

“வாயைக் கேக்காதீங்க மேடம், கட்டை விரலைக் கேளுங்க” என்று சொன்னவன் இம்தியாஸ். அவளோடு வேலை பார்க்கும் பொறியாளன். பழைய விளையாட்டுகளிலிருந்து நான்கு நான்கு விநாடித் துண்டுகளை வெட்டி, நிறமும் சத்தமும் எடுத்துவிட்டு, வரிசையாகத் திரையில் ஓடவிட்டான். ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருப்பவர் யோசிப்பதற்குள் விரல் அசைந்துவிடும். பள்ளம் வருவதற்கு முன்பே தாண்டும். குண்டு கிளம்புவதற்கு முன்பே ஒதுங்கும். சின்ன வயதில் நூறு தடவை விளையாடிய விரல் எது, நண்பன் வீட்டில் ஒரு நாள் வேடிக்கை பார்த்த விரல் எது என்று பன்னிரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதை வைத்துப் பெட்டி தானே முப்பதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பட்டியல். முதல் வருடமே நான்கு லட்சம் பெட்டி போயிற்று.

இரண்டாம் வருடம் நாமக்கல்லிலிருந்து ஒருவர் அலுவலகத்துக்கே வந்து அழுதார். அவருடைய பட்டியலில் இருந்த ஒரு விளையாட்டு, சிறுவர் சீர்திருத்தப் பள்ளி ஒன்றில் மட்டுமே இருந்ததாம். மனைவியின் தம்பி அதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டான். பதினான்கு வயதில் செய்த ஒரு காரியத்தை நாற்பத்தாறு வயதில் வீட்டில் சொல்லவேண்டி வந்தது. மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ‘விளையாட்டு சாமான்னு நெனச்சுத்தான் மேடம் கையில எடுத்தேன்’ என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஒரு விதி வந்தது. பட்டியல் விளையாடுபவருக்கு மட்டுமே சொந்தம். நிறுவனத்தில் யாரும் பெயரோடு சேர்த்து அதைத் திறக்கக்கூடாது. அந்த விதியை எழுதியவள் ஜெசிந்தா.

இப்போது அதை மீறப்போகிறவளும் அவள்தான்.

அண்ணனின் பெயர் செலஸ்டின். பதின்மூன்று வயதில் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து காணாமல் போனான். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அப்பா, இலவச பாஸை வைத்துக்கொண்டு லீவு கிடைத்தபோதெல்லாம் ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய்த் தேடினார். தேடிக்கொண்டிருந்தபோதே ஒரு நாள் விஜயவாடாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அம்மா லூர்தம்மாள், செலஸின் பிறந்த நாளன்று வருடா வருடம் பேப்பரில் விளம்பரம் கொடுத்தாள். போன வருட விளம்பரத்தில், தனக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதையும் சேர்த்து எழுதச் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரெக்சின் பையோடு ஒருவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். நரைத்த தலை, முன்னங்கைகளில் எண்ணெய் தெறித்த தழும்புகள். அம்மா கட்டிலிலிருந்தே, “செலஸா?” என்றாள். அவர் கொஞ்ச நேரம் நின்றார். “ஆமாம்மா” என்றார்.

அன்றிலிருந்து அம்மா சாப்பிட்டாள், பேசினாள், வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்கு முனகாமல் போனாள். அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். சோலாப்பூரில் முறுக்குக் கம்பெனியில் வேலை பார்த்ததாகச் சொன்னார். கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருந்தார். குவார்ட்டர்ஸ் நம்பர், அப்பா சைக்கிளில் திரும்பும்போது அடிக்கும் விசில், செத்துப்போன நாயின் பெயர். ஜெசிந்தாவுக்கே அவற்றில் பாதி மறந்திருந்தது. அதுதான் உறுத்தியது. கூட இருந்து வளர்ந்தவளுக்கு மறந்ததெல்லாம், ஓடிப்போனவருக்கு எப்படி வரிசையாக ஞாபகம் இருக்கும்?

பேச்சும் உறுத்தியது. “ஆஸ்பத்திரியில சொன்னாய்ங்கம்மா” என்பார். திருச்சியில் பிறந்த பையனுக்கு எங்கிருந்து வந்தது இந்த ‘சொன்னாய்ங்க’? கேட்டபோது, கம்பெனியில் இருந்த பையன்கள் எல்லோரும் உசிலம்பட்டிப் பக்கம் என்றார். அதற்கும் பதில் தயாராக இருந்தது.

ரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. செலஸ், சிஸ்டர்கள் நடத்திய இல்லத்திலிருந்து கைக்குழந்தையாக எடுத்து வளர்த்த பிள்ளை. இவருடைய ரத்தத்தை யாருடைய ரத்தத்தோடு ஒப்பிடுவது?

ஜெசிந்தா அவரை ‘அண்ணா’ என்று கூப்பிடவில்லை. மனதுக்குள் நினைக்கும்போதுகூட செலஸ் ‘அவன்’ ஆகவும், வந்தவர் ‘அவர்’ ஆகவுமே இருந்தார்கள். மஸ்கட்டில் இருந்த அவள் கணவர் போனில், “அத்தை சந்தோஷமா இருக்காங்கல்ல? விடேன்” என்றார். விட முடியவில்லை. ஏனென்றால் செலஸ் ஏன் போனான் என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

அப்போது வீட்டில் ஒரே ஒரு கேம் கேசட்தான் இருந்தது. பர்மா பஜாரில் அப்பா வாங்கி வந்தது, எழுபத்தாறு விளையாட்டு. ஒரு நாள் செலஸ் தேர்ந்தெடுக்கவேண்டும், மறுநாள் அவள். அந்த மே மாத மத்தியானம் அவளுடைய முறை. அவன் கேட்காமல் பாலம் விளையாட்டைப் போட்டான். பத்து வயது ஜெசிந்தா கத்தினாள். கத்தியும் அவன் மாற்றவில்லை. அப்போது, ஒரு ஞானஸ்நான வீட்டில் அத்தைமார்கள் பேசி அவள் காதில் விழுந்ததைச் சொல்லிவிட்டாள். “நீ எங்க வீட்டுப் பிள்ளையே இல்ல. உன்னை சிஸ்டருங்ககிட்டருந்து தூக்கிட்டு வந்தாங்க.”

செலஸ் ஆட்டத்தை முடித்துவிட்டு டி.வி.யை அணைத்தான். மறுநாள் காலையில் ஆள் இல்லை. கேசட்டும் இல்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவின் சவப்பெட்டியை மூடும்போதுகூடச் சொல்லவில்லை.

வந்தவரிடம் ஒரு நாள், “ஏன் போனீங்க?” என்று கேட்டாள். “பரீட்சையில பெயிலாயிருவேன்னு பயம் ஜெசி” என்று சிரித்தார். அன்றுதான் அவளுக்குச் சந்தேகம் உறுதியாயிற்று.

பெட்டியை டி.வி.யில் மாட்டியதும் அவர் எழுந்து சமையலறைப் பக்கம் போனார். “எனக்கு வேணாம் ஜெசி. கண்ணு கூசும்.”

“ரெண்டு பேரும் அப்ப எப்பப் பாத்தாலும் அது முன்னாடிதானே கெடந்தீங்க” என்றாள் அம்மா. “விளையாடுய்யா. நான் பாக்கணும்.”

அம்மா கேட்டால் அவர் மறுப்பதில்லை. வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டு, ஒயர் சிக்கிக் கிடந்த இன்னொன்றை எட்டி எடுத்துச் சிக்கெடுத்தார். சாம்பல் நிறத் துண்டுகள் ஓட ஆரம்பித்தன. முதல் நிமிடம் விரல் தடுமாறியது. பிறகு தடுமாறவில்லை. முகத்தில் இருந்த ஜாக்கிரதை மெல்லக் கழன்று, அவர் வாயை லேசாகத் திறந்துகொண்டு விளையாடியதை ஜெசிந்தா பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் தோளில் கிடந்த துண்டால் ஜாய்ஸ்டிக்கைத் துடைத்தார். “இது நாம என்ன பண்ணாலும் எழுதி வச்சுக்கிருமோ?” என்றார்.

“விளையாட்டு சாமான்தானே” என்றாள். சொன்ன பிறகு நாமக்கல்காரரின் முகம் ஞாபகம் வந்தது.

மறுநாள் அலுவலகத்தில் பட்டியலைத் திறந்தாள். மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தவள் பதினேழாவதில் நின்றாள். ‘பெயரில்லாத பதிப்பு.’

தெரிந்த எந்தப் பதிப்போடும் விரல் பொருந்தாவிட்டால் பெட்டி அப்படித்தான் குறித்துக்கொள்ளும். அவளுடைய பட்டியலிலும் அது உண்டு. சோதனைக் காலத்தில் ஊழியர்கள் எல்லோரும் தங்கள் பட்டியலை எடுத்திருந்தார்கள். அவள் வீட்டுக் கேசட்டில் ஒரு கோளாறு இருந்தது. பாலம் விளையாட்டின் மூன்றாம் கட்டத்தில் ஒரு பலகை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இருக்கும். தெரிந்தவர்கள் வெட்டவெளியில் தைரியமாகக் காலை வைப்பார்கள். நான்கு லட்சம் பேரில் வேறு எவருடைய விரலும் அங்கே காலை வைத்ததில்லை. அவளைத் தவிர. இப்போது இவரும்.

அப்படியானால் அவன்தான். எட்டு மாதமாக, திரும்பி வந்த அண்ணனுக்கு ஒரு டம்ளர் காபிகூடச் சிரித்த முகத்தோடு கொடுக்காமல் இருந்திருக்கிறாள்.

சந்தோஷமா பயமா என்று தெரியாத நிலையில் இம்தியாஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். யாருடையது என்று சொல்லவில்லை. அவன் பெயர் இருந்த இடத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“மேடம், இது நம்ம ரூல்...”

“தெரியும். தப்புதான். பாத்துச் சொல்லு.”

அவன் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

“நீங்க சின்ன வயசுல எந்த ஜாய்ஸ்டிக்?”

“ரெண்டாவது. எங்கண்ணன் முதலாவதை யாருக்கும் தரமாட்டான்.”

“அதான் இடிக்குது. திரையில ரெண்டு பேர் நின்னா, நம்ம விரல் அதுல ஒருத்தனைத் தன் ஆளா எடுத்துக்கும். நீங்க எப்பவும் ரெண்டாவது ஆளை எடுத்துக்குறீங்க. இவரும் ரெண்டாவதைத்தான் எடுத்துக்குறார். ஒரு இடத்துலகூட முதல் ஆளைத் தொடல. இன்னொண்ணு பாருங்க. ஆட்டத்துல உயிர் வரும்ல, அந்த இதயம்? யாரா இருந்தாலும் அதை எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு கணம் தயங்குவாங்க, பக்கத்து ஆள் பாஞ்சுடுவானோன்னு. நீங்க தயங்குறதே இல்ல. நேரா போறீங்க.”

“செலஸ் எடுக்கமாட்டான். எனக்கு விட்டுடுவான்.”

“இவரும் தயங்கல மேடம். கேரம்ல டபுள்ஸ் ஆடுறவங்க இருக்காங்கல்ல, ஜோடியோட பழக்கம் இவங்க கையில ஏறிடும். உங்க கையிலயும் இவர் கையிலயும் ஒரே ஜோடியோட பழக்கம் ஏறியிருக்கு. அந்த ஜோடி இவர் இல்ல. இவர் உங்க எடத்துல உக்காந்து விளையாடினவர்.”

வியாழக்கிழமை டயாலிசிஸுக்கு ஜெசிந்தாவும் கூடப் போனாள். அம்மாவை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள். நான்கு மணி நேரம் ஆகும். வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் ஓரமாக இரண்டில் உட்கார்ந்தார்கள்.

“செலஸ் எங்கே?” என்று கேட்டாள்.

அவர் கையில் இருந்த மருந்துச் சீட்டை நான்காக மடித்தார். மறுபடியும் பிரித்தார். மழுப்பப்போகிறார் என்று நினைத்தாள். மழுப்பவில்லை.

“அந்தப் பெட்டியைத் தொட்டப்பவே நெனச்சேன்” என்றார். “அவன் இல்லைங்க. ரெண்டாயிரத்து ரெண்டுல மஞ்சக்காமாலை. சோலாப்பூர்லயே.”

எட்டு மாதமாக ‘ஜெசி’ என்றவர் அந்தக் கணத்தில் ‘இல்லைங்க’வுக்கு மாறிவிட்டார். ஜெசிந்தா அதைக் கவனித்தாள்.

அவர் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். பத்து வயதில் ஏஜெண்ட் ஒருவன் முறுக்குக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அடுத்த வருடம் ரயிலில் வந்து இறங்கிய செலஸ் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தான். முதலாளி வீட்டு மாடியில் பழைய டி.வி.யும் கேம் பெட்டியும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பையன்களை விடுவார். செலஸின் கேசட்டைப் போட்டு இருவரும் விளையாடினார்கள். வீட்டைப் பற்றி அவன் சொல்லிச் சொல்லி, அந்த நாயைக்கூட இவர் வளர்த்த மாதிரி ஆகிவிட்டதாம்.

“விளம்பரம் பாத்தேன். செய்தியைச் சொல்லிட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன். கேட்டைத் திறந்தா அம்மா செலஸான்னு கேட்டுட்டாங்க. அந்த மொகத்தைப் பாத்துக்கிட்டு இல்லைன்னு எப்படிங்க சொல்றது?”

நம்பலாம் போலவும் இருந்தது. ரொம்பப் பொருத்தமாக இருக்கிறதே என்றும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதெல்லாம் போய், செலஸ் செத்துவிட்டான் என்பது மட்டும் உள்ளே இறங்கியது. அவன் செத்தே முப்பத்திரண்டு வருடமாயிற்று. அவனுக்குப் பதினாறு வயதுதான் இருந்திருக்கும். ஆஸ்பத்திரி கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதுவிட்டு வந்தாள்.

அம்மாவிடம் இருவருமே ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளி, சனி போயின. அம்மா “செலஸ்” என்று கூப்பிடுவதும் அவர் “வரேம்மா” என்று போவதும் முன்பு மாதிரியே நடந்தன. ஜெசிந்தாதான் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வேறு அறைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது அவரிடம், “ஆபீஸ் ரூம் வரைக்கும் போயிட்டு வரேன். அவன் ஆத்மாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கணும். பேர் வாசிக்க வேணாம்னு ஃபாதர்கிட்ட சொல்லிடுறேன், அம்மாவுக்குத் தெரியாது” என்றாள்.

“வேணாங்க” என்றார்.

“ஏன்?”

“வேணாம். இப்ப எதுக்கு அதெல்லாம்.”

“செத்தவனுக்கு ஒரு பூசைகூட வைக்கக்கூடாதா?”

“நான் உங்க சாமி கும்புடுறவன் இல்ல. எனக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியாது. ஆனா வேணாம். நல்லது இல்ல.” அவர் முகம் வெளுத்திருந்தது. அம்மாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வேகமாக நடந்தார்.

நல்லது இல்லை. யாருக்கு நல்லது இல்லை? ஜெசிந்தா ஆபீஸ் ரூமுக்குப் போகவில்லை. திங்கள்கிழமை காலை முதல் வேலையாக அந்தப் பட்டியலை மறுபடியும் திறந்தாள். போன தடவை பதினேழோடு நின்றுவிட்டவள், இந்தத் தடவை கடைசி வரைக்கும் படித்தாள். இருபத்தெட்டாவதாக ஒரு விளையாட்டு இருந்தது. கோபுரத்தின் மேல் இருவர் சேர்ந்து ஏறும் ஆட்டம். தனியாக ஆடவே முடியாது. அது எந்த வருடம் வந்தது என்று அவளுக்குத் தெரியும். அதற்கு உரிமை வாங்கிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டவளே அவள்தான். 2009.

இம்தியாஸை மறுபடியும் கூப்பிட்டாள்.

“இதுல இவர் கூட விளையாடினது யாரு?”

“பேரெல்லாம் வராது மேடம்.”

“பேரு வேணாம். உயிர் வர்ற எடத்துல தயங்குறாரா?”

அவன் ஓட்டிப் பார்த்தான். “இல்ல. நேரா போறார்.”

“பழைய பழக்கமா இருக்கலாம்ல?”

“ஜோடி மாறினா ரெண்டு மாசத்துல தயக்கம் வந்துடும். இந்த ஆட்டத்தை இவர் ரெண்டு மூணு வருஷம் விளையாடியிருக்கார்.” அவன் அவள் பக்கம் திரும்பினான். “உங்களுக்கு உயிரை விட்டுக்கொடுத்தவர்தான் இவருக்கும் விட்டுக்கொடுத்திருக்கார். ரெண்டாயிரத்து ஒன்பதுக்கு அப்புறமும்.”

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“மேடம், இந்தப் பட்டியலை என்ன செய்ய?”

“அழிச்சுடு. நான் திறந்தேன்னு எழுதி மேலே அனுப்பிட்டு அழிச்சுடு.”

வீட்டுக்கு வந்தபோது ஒர்க்‌ஷாப் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் சேலை தோளில் கிடந்தது.

“ரெண்டாயிரத்து ரெண்டுல செத்தவன் ரெண்டாயிரத்து ஒன்பதுல எப்படி விளையாடினான்?” என்றாள்.

அவர் துணியை எடுப்பதை நிறுத்தவில்லை. இரண்டு தலையணை உறைகளை எடுத்து மடித்து வைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

“நல்லா இருக்கான்” என்றார். “சொந்தமா கம்பெனி வச்சிருக்கான். சம்சாரம் அந்த ஊர்க்காரங்க. ரெண்டு பொம்பளப் பிள்ளைக.”

ஜெசிந்தா மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“வருஷா வருஷம் விளம்பரத்தை போன்ல பாப்பான். பாத்துட்டு மூடி வச்சிருவான். போன வருஷம் அம்மாவுக்கு முடியலைன்னு இருந்துச்சுல்ல, அன்னைக்குக் கம்பெனியைப் பாதியில பூட்டிட்டு எங்க வீட்டுக்கு வந்தான். நீ போடான்னான். எனக்குக் குடும்பம் குட்டி இல்ல. நான் எதுக்குடா, நீ போன்னு எவ்வளவோ சொன்னேன். கேக்கல.”

“என்ன சொன்னான்?”

“வேணாங்க.”

“சொல்லுங்க.”

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “அவங்களுக்கு ஒரு பிள்ளை வேணும். முன்னாடியே ஒரு தடவை வெளியிலருந்துதானே எடுத்தாங்க, இன்னொரு தடவை எடுத்துக்கட்டும்னான்.”

கீழே தெருவில் ஒரு வேன் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.

“கண்டுபிடிச்சாங்கன்னா செத்துட்டேன்னு சொல்லிருன்னான். சொன்னேன். ஆனா உசுரோட இருக்கிறவனுக்கு நீங்க பூசை வைக்கிறேன்னதும் எனக்குப் பொறுக்கல.”

“அவன் ஏன் போனான்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல், முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னாள். மே மாத மத்தியானம், அவளுடைய முறை, பாலம் விளையாட்டு, அவள் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை.

அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். “நீங்களா சொன்னீங்க?”

“நான்தான்.”

“அவங்க அப்பா சொன்னதாவுல சொன்னான். எங்க எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவான். அப்பா வாயாலயே சொல்லிட்டாருன்னு. தங்கச்சியைப் பத்திச் சொல்றப்ப...” அவர் நிறுத்திவிட்டார்.

“என்ன சொல்லுவான்?”

“தங்கச்சியைப் பத்தி அவன் பேசவே மாட்டாங்க.”

அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் அன்று முழுக்க யோசித்தாள். அவளைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று அப்பாவின் மேல் போட்டானா? அல்லது அவள் சொன்ன பிறகு அவன் அப்பாவிடம் போய்க் கேட்டு, அப்பாவும் ஏதாவது சொல்லி, அந்தப் பழியைத் தாங்க முடியாமல்தான் அவர் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்தாரா? அல்லது எல்லாமே இந்த மனிதர் சேர்த்துச் சொல்லும் கதையா? ஒரு தடவை பொய் சொன்னவர், இரண்டாம் தடவையும் சொன்னவர். எந்தப் பெட்டியும் அதைச் சொல்லப்போவதில்லை. சொல்லக்கூடிய ஆள் ஒருவன்தான்.

விலாசம் கேட்டபோது அவர் முதலில் தரவில்லை. சத்தியம் செய்திருக்கிறேன் என்றார். புதன்கிழமை காலையில் அவராகவே காலண்டர் தாளில் எழுதி, சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்திருந்தார். தமிழில் எழுதி, கீழே மராத்தியிலும் எழுதியிருந்தார்.

புதன்கிழமை மத்தியானம் கிளம்பினாள். ஆபீஸ் வேலையாக வடக்கே போவதாக அம்மாவிடம் சொன்னாள். “நீ போய்ட்டு வா. இவன்தான் இருக்கானே” என்றாள் அம்மா.

அவர் அவளுடைய பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தார். ஆட்டோ நின்றுகொண்டிருந்தது.

“நீங்களும் வந்தா அவன் கதவைத் திறப்பான்” என்றாள். கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

“நாளைக்கு டயாலிசிஸுங்க. ஆறரைக்கு வண்டி சொல்லியிருக்கேன்” என்றார். “பக்கத்து வீட்டு அக்காவை ரெண்டு வேளையும் எட்டிப் பாக்கச் சொல்லியிருக்கீங்க போல. நல்லதுதான். நானா இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.”

அவளுக்கு முகம் சூடாயிற்று. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், எட்டு மாதமாக ஒரே வீட்டில் இருந்தும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

“உங்க பேரு என்ன?”

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. “செலஸ், தண்ணி குடுய்யா.”

“வரேம்மா” என்று திரும்பிக் குரல் கொடுத்துவிட்டு, ஆட்டோவுக்குள் குனிந்து, “தவசி” என்றார் மெதுவாக. “அவன்கிட்ட, அம்மா நல்லா சாப்பிடுறாங்க, எடை ரெண்டு கிலோ கூடியிருக்குன்னு தவசி சொன்னான்னு சொல்லுங்க. அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க, போதும்.”

ஆட்டோ கிளம்பியது. அவள் திரும்பிப் பார்த்தபோது அவர் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்.